ராசாவும் சொறித்தவளையும்

ஒரு நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பழைய டைரியில் அது என் கையெழுத்திலேயே இருப்பதால் மறுக்க வழியில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்குக் கல்யாணமான புதிது. தென்காசியில் வாடகை வீடு. இலஞ்சிக்காரியான என் மனைவி கோமதி, பித்தளைப் பாத்திரங்களோடு ராசா என்ற செவலை நாயையும் கூட்டி வந்தாள். (சீர்ப் பட்டியலில் அது இல்லை. இருமுறை சரிபார்த்தேன்.) என்னை அவள் கூப்பிடுவது 'இந்தாங்க'. நாயைக் கூப்பிடுவது 'என் ராசா'. டைரியிலிருந்து இரண்டு வரிகள்:

"செவ்வாய்: முதல் தோசை நாய்க்கு. எனக்கு மூன்றாவது, ஓரம் கருகல்."

"வியாழன்: நாய் என் நாற்காலியில். நான் பாயில்."

ஆனி பிறந்து சாரல் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

"ராசாவும் வரட்டுமே, பாவம்லா," என்றாள் கோமதி.

ஞாயிறு காலை ஆறு இருபதுக்கு, அவள் புளியோதரை கிளறிக்கொண்டிருந்தபோது, நாயைப் புறவாசல் துவைகல் பக்கம் குட்டைக் கயிற்றில் கட்டினேன். சாரல் ஈரத்துக்கு அங்கே சொறித்தவளைகள் உட்கார்ந்திருக்கும். ஒன்றைத் தாண்டித்தான் கட்டினேன். அது நாயை என்ன செய்துவிடும்?

ஆறு நாற்பதுக்குப் போய்ப் பார்த்தால், நாய் தலையை உதறுகிறது, வாயெல்லாம் நுரை. நுரை என்றால் வெறி. என் வைத்திய அறிவு அவ்வளவுதான். மதில்மேல் ஏறிக் கத்தினேன்: "வெறி! நாய்க்கு வெறி புடிச்சிட்டு!"

பக்கத்து வீட்டு ஆட்கள் இருவர் கம்போடு ஓடி வந்தார்கள். அதற்குள் கோமதி பாய்ந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அடிக்கணும்னா என்னையும் சேத்து அடிங்க!"

அவள் சேலையெல்லாம் நுரை. (அந்த நேரத்திலும், எனக்கு நுரை தள்ளினால் இப்படிக் கட்டிக்கொள்வாளா என்று ஒரு கேள்வி வந்ததை மறைக்கவில்லை.)

எதிர்வீட்டு அண்ணாச்சி மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். சத்தம் கேட்டு வந்தவர், துவைகல் இடுக்கில் உப்பி உட்கார்ந்திருந்த தவளையைப் பார்த்தார்.

"ஏலே, கம்பக் கீழ போடுங்க. வெறியும் இல்ல ஒண்ணும் இல்ல, சொறித்தவளையக் கவ்வியிருக்கு. அதுக்குத் தோல்ல பால் மாதிரி விஷம் உண்டும். தண்ணி கொண்டா தாயி."

நாயின் தலையைக் கீழே சாய்த்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயை மறுபடி மறுபடி கழுவினார். "முழுங்கியிருந்தா உசுருக்கே ஆபத்து. ஆமா, வெலகிப் போகக்கூட முடியாம இதை இங்கன யாரு கட்டுனது?"

கோமதி மதிலை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தாங்க. எறங்குங்க."

அன்று அவளும் அண்ணாச்சி வீட்டம்மாவும் குற்றாலம் போனார்கள், புளியோதரையோடு. நாய்க்குக் காவல் நான். டைரியில் இருக்கிறது: "11.10: நாய் தண்ணீர் குடித்தது. 12.30: எழுந்து நடந்தது. 12.35: என் நாற்காலியில்."

இன்றும் நான் கோபத்தில் எச்சில் தெறிக்கப் பேசினால், கோமதி மகளுக்குக் குரல் கொடுப்பாள்: "ஏட்டி, அப்பா தவளையக் கவ்விட்டாவ. ஒரு செம்பு தண்ணி கொண்டா!"

ராசா வயதாகிச் செத்துப் பல வருஷம் ஆகிறது. அந்தப் பெயர் காலியாகத்தான் இருக்கிறது. எனக்கு இன்னும் 'இந்தாங்க'தான்.