அப்பீல் அண்ணையும் உப்புக் கறியும்

கனடாவின் மொன்றியல் நகரில் எந்த முடிவையும் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்ளாத மனிதர் ஒருவர் இருந்தாரென்றால், அவர் எங்கள் அப்பீல் அண்ணைதான். எண்பதுகளில் அங்கே வில்லரே பகுதியில் ஒரே வீட்டில் ஆறு அகதிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். அண்ணை கரம்போட் விளையாட்டில் தோற்றால் அப்பீல். பஸ்காரன் ஏற்றாமல் போய்விட்டால் அடுத்த பஸ்காரனிடம் அப்பீல், அதுவும் தமிழில்.

சாப்பாட்டில்தான் வழக்கு முற்றும். ஒருநாள் என் சமையல்.

"கறியில உப்புக் கூடிப்போச்சு."

"அளவாத்தான் இருக்கு அண்ணை."

"நீ ருசி பாத்தனியோ?"

"இல்லை."

"அப்ப பாக்காமல் எப்பிடித் தீர்ப்புச் சொன்னனீ? உப்பை விடு. விசாரணைதான் பிழை."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய தம்பி அமெரிக்காவில் மத்திய அரசுச் சிறையில் இருந்தான். எல்லை தாண்டி ஆட்களைக் காரில் ஏற்றிய வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டான். கிடைத்தது ஐந்து வருடம். அந்தத் தண்டனையை நீக்கச் சொல்லிப் பிறகு போட்ட மனுவை, அந்த வக்கீலைக் கூப்பிட்டு அப்படிச் சொன்னாரா என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் நீதிபதி தள்ளிவிட்டார். அதற்கு எதிராகத்தான் அண்ணையின் பெரிய அப்பீல்.

"தம்பி குற்றவாளியோ இல்லையோ எண்டு மேல்கோட்டில கேக்கேலாது. விசாரிக்காமல் தள்ளினது பிழை எண்டுதான் கேக்கலாம்" என்று எங்களுக்கு விளங்கப்படுத்துவார். போய்த் தம்பியைப் பார்க்கவும் வழியில்லை. எல்லையைத் தாண்டினால் அவருடைய அகதி வழக்கே கெட்டுவிடும். சென்ட் லோரன்ட் தெருத் தையல் தொழிற்சாலையில் துணி வெட்டிச் சேர்த்த காசெல்லாம் புது வக்கீலுக்கே போனது.

பனி கொட்டிய ஒரு பின்னேரம் அந்தப் புது வக்கீல் தொலைபேசியில் கூப்பிட்டார். அண்ணை "யெஸ், யெஸ்" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

"அப்பீலையும் தள்ளுபடி செய்துபோட்டாங்கள்."

"இனி என்ன அண்ணை?"

"மேல இன்னொரு கோட்டு இருக்காம். அங்க எடுக்கமாட்டினமாம்."

எனக்கு அழுகை வந்தது. சமையலறைக்குப் போய், வேண்டுமென்றே கறியில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டேன். மனுசன் சண்டைக்காவது வரட்டும் என்று நினைத்தேன். வாயில் வைக்க முடியாத கறி. நாங்கள் ஐந்து பேரும் சாப்பிடாமல் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணை தலை நிமிராமல் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்தார்.

உப்பைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்த நிமிடமே ஐந்து பேரும் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருப்போம்.