இருபத்து மூன்று வீட்டு மீன்

"அடப் பாவி, அது என் கெட்டில்!"

வெர்னா போட்ட கத்தலில் ஹெட்லி வெல்டிங் கம்பியைக் கீழே விட்டுவிட்டான். இரும்பு மீன் சிலையின் இடது கண்ணாகப் பற்றவைத்திருந்த கெட்டிலை அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வெர்னாக்கா, இது ஆம்புரோஸ் வீட்ல கொடுத்தது."

"கொடுப்பான், கொடுப்பான்! தன் கல்யாணத்துக்கு டீ போடணும்னு என்கிட்ட வாங்கிட்டுப் போனவன். இப்ப அவன் பொண்ணுக்கே கல்யாணம் ஆயிடுச்சு!"

கிட்டிவேக் தீவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. நேரே உள்ளே வருவார்கள், வேண்டியதை எடுப்பார்கள், ஆள் இல்லையென்றால் அடுப்பங்கரைப் பூனையிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். பூனை எதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்? அப்பேர்ப்பட்ட ஊரில் 'வீட்டுக்கு ஒரு இரும்புச் சாமான் கொடுங்கள், இருபத்து மூன்று குடும்பமும் சேர்ந்து ஒரு மீன் செய்வோம்' என்று கிளம்பியவன் ஹெட்லி. அவன் வாய்க்கு அரிப்பு, வேறென்ன!

சனிக்கிழமைப் படகில் தலைநகரத்துக் கலை அலுவலக அம்மாள் வருகிறாள். அவளுக்குச் சிலை பிடித்துவிட்டால் வெளியூர் ஆட்கள் பார்க்க வருவார்கள். ஆட்கள் வந்தால், நின்றுபோன புதன்கிழமைப் படகு மறுபடி ஓடும். ஹெட்லிக்கு வேண்டியது அந்தப் புதன்கிழமை மட்டும்தான். அக்கரையில் மகளுக்குக் குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகிறது. சனிக்கிழமை போனால் அடுத்த சனிக்கிழமைதான் திரும்ப முடியும். ஊர் ஜெனரேட்டரோ அவன் கை படாமல் ஐந்து நாள் தாண்டாது. பேத்தியை இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை.

சண்டை வேண்டாமென்று கெட்டிலை அறுத்துக் கொடுத்தான். அரை மணியில் ஆம்புரோஸ் வந்தான்.

"ஏம்ப்பா, என் குடும்பம் மட்டும் ஊர்ல சேர்த்தி இல்லையா? இந்தா, நங்கூரம். கண்ணுல வை."

கண்ணில் வைத்தான். அந்தப் பக்கமாகப் போன எஃபி நின்றாள்.

"எங்கப்பா நங்கூரம் இங்க எப்படி வந்துச்சு?"

ஹெட்லி பொறுத்துப் பார்த்தான். வியாழக்கிழமை கோயில் கூடத்தில் ஊரைக் கூட்டி மேஜையில் ஒரு குத்து விட்டான்.

"அவங்கவங்க சாமானை அடையாளம் காட்டி எடுத்துக்குங்க! பதிலுக்கு, சத்தியமா சொந்தமானதைக் கொண்டுவந்து கொடுங்க!"

முதல் பாதியை ஊரே ஒற்றுமையாக நிறைவேற்றியது. இரண்டாவது பாதி யார் காதிலும் விழவில்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் செதில் போயிற்று, துடுப்பு போயிற்று, வால் போயிற்று. கடைசியாக அவன் மனைவி ரோடா வந்து, தாடையாக இருந்த வாணலியைத் தட்டிக் காட்டினாள்.

"இது என்னுது. நாலு வருஷமாத் தேடறேன்."

"வெர்னாக்கா கொடுத்தாங்களே! அவங்க வீட்டுக்கு எப்படிப் போச்சு?"

"நீதான் தூக்கிக் கொடுத்திருப்பே. வேற யாரு?"

அவன் வாணலியையும் அறுத்துக் கொடுத்தான்.

மிஞ்சியது முதுகெலும்பு. இருபதடி நீளத்தில் இரும்புச் சட்டம், இடையிடையே குறுக்குக் கம்பிகள். அதில் மட்டும் எவனும் கை வைக்க முடியாது. ஒரு புயலுக்கு மறுநாள் கரை ஒதுங்கிக் கிடந்ததை ஹெட்லியே இழுத்து வந்தான். கடல் ஒதுக்கியது கண்டெடுத்தவனுக்கு. கிட்டிவேக்கில் அதற்கு அப்பீல் கிடையாது.

சனிக்கிழமை கலை அலுவலக அம்மாள் அந்த மொட்டை எலும்பை மூன்று தரம் சுற்றி வந்தாள். ஹெட்லி அவள் பின்னாலேயே சுற்றினான். அவள் இதை என்னவென்று நினைப்பாள்?

"இது என்ன மீன்?"

"இந்தக் கடல்ல மீன்னா காட் மீன்தாம்மா," என்றான் ஆம்புரோஸ். "மத்ததுக்கெல்லாம்தான் தனித்தனியாப் பேர் இருக்கே."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள்.

"தின்னு தீர்த்து எலும்பு மட்டும் மிஞ்சின மீன்! பிடிச்சுப் பிடிச்சே காலியான கடலை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்? இருபத்து மூணு குடும்பமும் சேர்ந்தா யோசிச்சீங்க?"

"எல்லாருமே ஆளுக்குக் கொஞ்சம் கை வச்சாங்கம்மா," என்றான் ஹெட்லி, பொய் சொல்லாமல்.

"இது இனி பொதுச் சொத்து. கான்கிரீட்ல நட்டு நிறுத்திடுங்க. இங்க கையெழுத்துப் போடுங்க. நூறு வருஷத்துக்கு யாரும் இதை அசைக்கக் கூடாது."

ஹெட்லி போட்டான். சட்டென்று இறுகும் சிமெண்ட் ஐந்து மூட்டை குழைத்து, தன் கையாலேயே ஊற்றி, ஆட்டிப் பார்த்தான். மலை மாதிரி நின்றது. ஊரே கைதட்டியது, அவன் ரோடாவைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டான்.

"புதன்கிழமைப் படகு வந்துடும்டி! பேத்தியைப் பாத்துடலாம்!"

அம்மாளின் பெட்டியை எடுத்துப் போக வந்த படகு ஆள் கார்ல் சிலையை அண்ணாந்து பார்த்தான். பெட்டியைக் கீழே வைத்தான்.

"அடேங்கப்பா, இது இங்கயா இருக்கு! புதன்கிழமைப் படகுல ஆள் இறங்கற ஏணி அண்ணே இது. புயல்ல இதைக் கடல் அடிச்சிட்டுப் போனதாலதானே அந்தப் படகையே நிறுத்திட்டாங்க!"