குச்சியாண்டிக்கு மூணு முடி

அம்பத்தூர் எஸ்டேட் ஆபீஸின் பான்ட்ரியில் மொத்தக் கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, கிருபாகரன் மட்டும் கடுகடுவென்று நின்றிருந்தான்.

காரணம் குச்சியாண்டி. செல்போனில் வரும் படத்தொடர். வரைகிறவர் பேர் போடுவதில்லை. ஒரு வட்டம், நாலு கோடு, அதுதான் ஆள். கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது. இதற்கு லட்சக்கணக்கில் ரசிகர்கள்! இன்றைக்குக் குச்சியாண்டி ரயில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்துவிட்டு, வேறு பெட்டியில் ஏறிக் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தான்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? போன வாரம் எனக்கே இது நடந்துச்சே!"

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. டீ போடும் முகமது ஆசிக் சர்க்கரையைக் கீழே கொட்டிவிட்டான்.

"ஒருத்தர் சிரிச்சா எல்லாரும் சிரிக்கிறது. புரியலைன்னு சொல்ல பயம். எல்.கே.ஜி. பிள்ளைகூட இதை வரையும்!"

நிரூபித்தே தீருவது என்று முடிவு கட்டினான். காகிதத்தில் ஒரு வட்டம், நாலு கோடு, கையில் டீ கிளாஸ். ஜோக் என்று எதுவும் கிடையாது. அடியில் 'குச்சியாண்டி' என்று எழுதி, ஆள் இல்லாத நேரம் பார்த்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். எல்லாரும் சிரிப்பார்கள், அப்போது குட்டை உடைக்கலாம்.

முதலில் வந்தவர் மேனேஜர் லோகநாதன். தலையில் பேருக்குக்கூட முடி கிடையாது. அவர் சிரிக்கவில்லை.

"மொட்டைத் தலை, கையில டீ... இவ்ளோ நாள் வேற ஒருத்தனைத்தானே போட்டுக்கிட்டிருந்தாங்க? இப்ப நானா? யாருய்யா ஒட்டினது?"

கிருபாகரன் காத்துக் கிடந்த டீம் லீட் பதவிக்கு இன்று நாலு மணிக்கு இன்டர்வியூ. எடுக்கப்போகிறவரே லோகநாதன்தான். மாடிப்படிக்கு ஓடிப்போய், திருநின்றவூர் வீட்டில் இருந்த மனைவி ராணிக்கு போன் போட்டான்.

"ஐயையோ! கிழிச்சா நீங்கதான்னு தெரிஞ்சுடும்ங்க. தலையில மூணு முடி போட்டு விட்ருங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லணும்."

தினமும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அன்றைய கதையை இப்படித்தான் கேட்பாள். இந்த அக்கறை யாருக்கு வாய்க்கும் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது.

முடி போட்டான். சற்று நேரத்தில் அக்கவுண்ட்ஸ் சிவராமன் படத்தின் முன் நின்று, தன் தலையில் மிச்சமிருந்த மூன்று முடியையும் தடவிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அப்ப ஒரு ஜடை பின்னி விட்ருங்க," என்றாள் ராணி, மறுபடி போன் போட்டபோது. குரல் ஏனோ நடுங்கியது. பாவம், பயந்துவிட்டாள்.

ஜடை பின்னி முடித்தான். எச்.ஆர். நிவேதிதா வந்து பார்த்து, தன் நீளப் பின்னலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"என்னைக் கிண்டல் பண்ற தைரியம் யாருக்கு? கேமராவைப் போட்டுப் பாருங்க!"

கேமரா! அது ஒன்று இருப்பதே கிருபாகரனுக்கு அப்போதுதான் உறைத்தது.

நாலு மணிக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான்தான் சார். ஆனா அது யாருமே இல்லை! வட்டத்துக்கு ஏது சார் ஜாடை? பார்க்கிறவங்கதான் ஆளைப் பொருத்திக்கிறாங்க. குச்சியாண்டியோட மொத்த வித்தையே அவ்ளோதான். சும்மா தலைமேல வச்சுக் கொண்டாடுறீங்க!"

மூன்று செல்போன்களும் ஒன்றாக 'டிங்' என்றன. எடுத்துப் பார்த்தார்கள். சிவராமனுக்குத் தோள் குலுங்கியது, நிவேதிதா மேஜையில் கவிழ்ந்துவிட்டாள், லோகநாதன் சிரித்த சிரிப்பில் மண்டை முழுக்கச் சிவந்துவிட்டது.

"டீம் லீட் நீதாம்ப்பா. உன்னை வேற கம்பெனிக்கு விட்டுட்டு, நாங்க எதைப் பார்த்துச் சிரிக்கிறது?"

கிருபாகரன் போனை வாங்கினான். புதுக் குச்சியாண்டி. ஃபிரிட்ஜில் படம் ஒட்டுகிறான், முடி போடுகிறான், ஜடை பின்னுகிறான், மாடிப்படியில் ஒளிந்துகொண்டு பொண்டாட்டியிடம் யோசனை கேட்கிறான். கிருபாகரனுக்குத் தலை சுற்றியது. மாடிப்படியில் ஈ காக்கை இல்லையே!

டீ கொண்டுவந்த ஆசிக், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"அண்ணி கை இன்னா ஸ்பீடு சார்! ஃபேமிலி டே அன்னிக்கு, 'அவராண்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு எங்க எல்லாராண்டயும் சத்தியம் வாங்கிகினு போனவங்களாச்சே!"