வண்டிக்கு முன்னால் ஓர் ஆய்வாளர்

இன்று நாம் பார்க்கப்போகும் பிராணிக்குக் கள ஆய்வாளர் என்று பெயர். பயப்படாதீர்கள், கடிக்காது. கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும். ஆண்டில் பெரும்பகுதியைக் குளிரூட்டிய அறையில் கழித்துவிட்டு, அறுவடை நேரம் பார்த்துக் கிராமத்தில் வந்து இறங்கும். கழுத்தில் தொங்கும் அட்டை, பைகளுக்கு நடுவே கொஞ்சம் துணி வைத்துத் தைத்த சட்டை, புது வாசனை போகாத தொப்பி, இவற்றைக் கொண்டு அடையாளம் காணலாம். நீங்கள் கத்தரிக்காய் என்பதை 'உள்ளூர் உணவு அமைப்பின் ஓர் அங்கம்' என்னும். மழை இல்லை என்றால் 'சுற்றுச்சூழல் நெருக்கடி' என்னும். பசிக்கிறது என்பதை மட்டும் நம்மைப் போலவே பசிக்கிறது என்றுதான் சொல்லும், அதுவும் சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னதாகவே.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஊர் வைத்த பெயர் 'எதனால சார்'. மாடு கத்தினால் எதனால? கத்தாவிட்டால் எதனால? ஒருமுறை தும்மிய ஆளைப் பிடித்து எதனால என்று கேட்டாராம். அந்த ஆள் பதில் சொல்லி முடிப்பதற்குள் சளி முற்றி, குணமாகி, மறுபடியும் பிடித்துவிட்டதாம். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

அவருடைய ஆராய்ச்சி என்ன தெரியுமா? தோட்டத்திலிருந்து சந்தைக்குப் போகும் காய்கறி நடுவழியில் ஏன் வீணாகிறது என்பது. நல்ல கேள்விதான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் அதைக் கேட்க அவர் தேர்ந்தெடுத்த நேரம், எங்கள் ஊரில் தக்காளி பயிரிடும் 'தக்காளி அக்கா' பறித்த பெட்டிகளையெல்லாம் வேனில் ஏற்றித் தார்ப்பாயை இழுத்துக் கட்டி முடித்த நேரம். அக்காவுக்கு அன்று அது வெறும் லோடு அல்ல. கிணற்று மோட்டார் கருகிப்போய்க் கிடந்தது. தக்காளி விற்றால்தான் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால்தான் நட்டு வைத்த நாற்று பிழைக்கும். சந்தையிலோ, வெயில் ஏறியதும் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

"ஒரே ஒரு கேள்வி!" என்று வேனுக்கு முன்னால் வந்து நின்றார் எதனால சார்.

"கொஞ்சம் நகருங்க சார், நேரமாகுது," என்றார் தக்காளி அக்கா.

"நேரமாகுதா? எதனால?"

வேன் ஓட்டுபவர் என்ஜினை அணைத்தார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று அளக்க வேண்டும், தார்ப்பாயை எடுங்கள் என்றார். எடுத்தார்கள். அடிப்பெட்டிதான் அறிவியலுக்கு முக்கியம், மேலே இருப்பதையெல்லாம் இறக்குங்கள் என்றார். இறக்கினார்கள். பெட்டி பெட்டியாக வெப்பமானியைச் செருகினார், செருகிய பழமெல்லாம் கண்ணீர் விட்டது. அப்படி நசுங்கிய ஒரு பழத்தைப் படம் எடுக்க வெளிச்சம் போதவில்லை என்று பெட்டிகளை நடு வெயிலுக்கு நகர்த்தச் சொன்னார். வெளிச்சம் வந்தது. சந்தை போயிற்று.

"எவ்வளவு வீணாயிடுச்சு பாருங்கக்கா!" என்றார். நிஜமாகவே குரல் தழுதழுத்தது. "இவ்வளவு வீணாகுதே, எதனால?"

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் வெப்பமானியைச் செருகியிருந்தால் வெடித்திருக்கும்.

கட்டுரை வழுவழுப்பான தாளில் வெளிவந்தது. அட்டையில் அதே நசுங்கிய தக்காளி, மகாராணி மாதிரி. நேரடி வெயில், தேவையில்லாமல் ஏற்றி இறக்குவது, விளக்க முடியாத காலதாமதம், இவைதான் காரணம் என்று உள்ளே எழுதியிருந்தார். ஒவ்வொரு வரியும் உண்மை. பொய் சொல்லத் தெரியாத மனிதர்! கடைசிப் பக்கத்தில், மேலும் விரிவான ஆய்வு தேவை என்றிருந்தது. ஆகவே அடுத்த பறிப்புக்குக் குழுவோடு வருவதாகச் சேதியும் அனுப்பிவிட்டார்.

சேதி கேட்ட தக்காளி அக்கா நேரே பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் ஓடினார். அவர் குழாய் இழுத்துத் தண்ணீர் விட்ட புண்ணியத்தில்தான் பாதி நாற்றாவது பிழைத்திருந்தது. மோட்டார் இன்னும் கருகியபடியே கிடந்தது. மாமாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு: சுற்று வட்டாரத்தில் அவர் அளவுக்குப் பேட்டி கொடுத்தவர் யாரும் கிடையாது. ஆய்வாளரைக் கண்டதுமே, "தம்பி, நீங்க பருவநிலையா, ஊட்டச்சத்தா? பருவநிலைன்னா பெருமூச்சுல ஆரம்பிப்பேன். ஊட்டச்சத்துன்னா எங்க பெரியம்மாகிட்ட இருந்து ஆரம்பிப்பேன்," என்று கேட்கும் அளவுக்குத் தேறியவர்.

"மாமா, அவங்களை நீங்கதான் பிடிச்சு வைக்கணும்."

"வேன் கிளம்புற வரைக்குமா?"

"சந்தைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும்."

மாமா யோசித்தார். "அப்ப பெருமூச்சும் வேணும், பெரியம்மாவும் வேணும்."

குழு வந்தது. மாமா தன் தோட்டத்து மர நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், மரத்தில் பழுத்த இலைகள் எல்லாம் உதிர்ந்தன. அடுத்து பெரியம்மா பிறந்தார், தவழ்ந்தார், பல் முளைத்தது, அந்தப் பல்லால் என்னென்ன கடித்தார் என்று விலாவாரியாக ஓடியது. வேலிக்கு அந்தப் பக்கம் வேன் உறுமியபோது மாமாவுக்குச் சரியாக இருமல் வந்தது. "எதனால?" என்றார் சார். "அதைத்தானே சொல்ல வர்றேன்," என்று மாமா பெரியம்மாவை மறுபடியும் முதலிலிருந்து பிறக்க வைத்தார்.

பெரியம்மாவுக்குக் கல்யாணம் ஆவதற்குள் தக்காளி மொத்தமும் விற்றுப்போயிற்று. பிள்ளைகள் பிறந்து வளர்வதற்குள் மெக்கானிக் வந்து போய்விட்டார். சாயங்காலம் வேலிக்கு அப்பால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"என்ன சத்தம் அது?" என்றார் சார்.

"அக்கா வீட்டு மோட்டார் ஓடுது."

"எதனால?"

"நீங்க இங்க உட்கார்ந்ததால," என்றார் மாமா.

இரண்டாவது கட்டுரையும் வந்தது. 'எங்கள் ஆய்வுக் குழு களத்தில் இருந்த நாளில் அந்தத் தோட்டத்தில் ஒரு பழம்கூட வீணாகவில்லை.' இதுவும் சத்தியமான உண்மை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், இதை எங்கே நின்று படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? "இன்னும் சமையல் ஆகலையா, எதனால லேட்டு?" என்று கேட்டுவிட்டு, சமையலறை வாசலை அடைத்துக்கொண்டா? உங்கள் முதுகுக்குப் பின்னால் கொதிக்கிற பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வெகு நேரமாக நிற்கிறார்.

கொஞ்சம் நகருங்கள்.