பதினைந்து பந்தும் ஒரு சிவப்புப் பெட்டியும்

முதல் பந்திலேயே தாள் ஒட்டவில்லை.

அர்சிங் அந்தத் துண்டை நாக்கில் தடவி, பந்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, மேஜையின் பச்சைத் துணிமேல் உருட்டிப் பார்த்தான். பந்து நொண்டிக்கொண்டே போய் நின்றது. இன்னும் பதினாலு பந்து பாக்கி. ஐந்து மணிக்குக் கப்பல்.

வெளியே காலபான் நகரம் மழையில் கரைந்துகொண்டிருந்தது. பில்லியர்ட்ஸ் கூடத்துக்குள் மின்விசிறி, சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சுற்றியது. ஊரில் விசிறி பழுது பார்ப்பவன் அர்சிங்தான். அவன் கை பட்ட விசிறி மாதம் ஒருமுறை நிற்கும். இந்தக் கூடத்து விசிறி மட்டும் வாரம் ஒருமுறை. அதற்குக் காரணம் கல்லாவில், செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. பெயர் லுதிவினா.

இன்று அவள் காலடியில் ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது. யாருடையது என்று அவளிடமே கேட்டிருக்கலாம். அர்சிங் வாசலில் ஒதுங்கியிருந்த டிரைசைக்கிள்காரன் காலோயிடம் கேட்டான்.

"அஞ்சு மணிக் கப்பலுக்கு ஒரு ஆளை ஏத்திவிடணும், கூட்டாளி. லுதிதான் சொல்லி வச்சா," என்றான் காலோய். "போனா திரும்ப வர்ற மாதிரி தெரியல. பெட்டி கனமான கனம்."

ஆசையை மனதிலேயே வைத்துப் புழுங்குகிறவனை அந்த ஊரில் 'தோர்ப்பே' என்பார்கள். அர்சிங் அந்த வகையில் மாகாண அளவில் நிற்கக்கூடியவன். மூன்று வருடத்தில் லுதியிடம் அவன் பேசிய மிக நீளமான வாக்கியம், "கெபாசிட்டர் போயிருக்கு". அவளும் அவனைக் 'குயா' என்றுதான் கூப்பிடுவாள். அண்ணன் என்றும் கொள்ளலாம், வெறும் மரியாதை என்றும் கொள்ளலாம். அவன் இரவு தூங்குவதற்காக இரண்டாவதையே கொள்வான்.

ஆனால் அவளுக்குப் புதிர் பிடிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் பில்லியர்ட்ஸ் மேஜை ஒன்று வரைந்திருக்கும். பதினைந்து பந்து, பந்துக்கு ஓர் எழுத்து. எண் வரிசையில் பந்துகளை எடுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் எழுத்து வரிசையில் அதற்கு முந்தைய எழுத்தைப் போட்டால் ஒரு வாக்கியம் வரும். பென்சிலும் கையுமாக அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஹுவாக் காங் உமாலிஸ். போகாதே என்று அர்த்தம். அர்சிங் விரல் விட்டு எண்ணினான். அவர்கள் எழுதும் ஆங்கில எழுத்தில் சரியாகப் பதினைந்து. கடவுள் பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர்தான் என்று அந்த நிமிடம் முடிவு செய்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் அடுத்த எழுத்தைத் துண்டுத்தாளில் எழுதி, பந்துக்கு ஒன்றாக ஒட்டினான்.

பந்துகளை ஒன்றிலிருந்து பதினைந்துவரை வரிசையாகக் குழியில் தள்ளவேண்டும். புதிரிலும் அப்படித்தான், சின்ன எண்தான் முதலில். அவள் பார்ப்பாள், படிப்பாள், பெட்டியைத் திறப்பாள். இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை: அர்சிங்குக்கு ஆட வராது.

ஒன்றாம் பந்தைக் குறி வைத்தான். ஒன்பது விழுந்தது. அதைக் குழியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு மறுபடி அடித்தான். ஒட்டுத்தாளில் இடறிய வெள்ளைப் பந்து, தானே குழியைத் தேடிப்போய் விழுந்தது.

கல்லாவுக்குப் பக்கத்துப் பிரம்பு நாற்காலியில் கூடத்துக்காரர் மாங் தீபோ உறக்கத்தில் ஏதோ முனகினார். லுதியின் மாமா. இரண்டு கண்ணிலும் புரை. கூடத்தில் விசில் கூடாது, பாட்டுக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று சட்டம் போட்டவர். தூக்கத்தில் "எம்... டி... ஆர்..." என்று முனகுவார். அந்த மனிதர் எழுத்துக் கூட்டித்தான் கனவு காண்கிறார் என்று ஊரில் பேச்சு.

அவன் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் காலோய் உள்ளே வந்தான். "நகரு. இது உனக்குக் கோலா, துடைப்பமா?"

காலோய் நன்றாக ஆடுவான். அதுதான் வினை. பதினாலை ஆறில் மோதவிட்டு இரண்டையும் ஒரே அடியில் தள்ளினான். மூன்றும் பதினொன்றும் எதிரெதிர் மூலையில் போய் மறைந்தன.

"வரிசையா, காலோய். வரிசையா," என்று அர்சிங் கெஞ்சினான்.

"விழற பந்தை வேண்டாம்னு சொல்ற மொத ஆளு நீதான்டா."

மேஜை, மழைக்காலத்துக் குளம்போல் பச்சையாகக் கிடந்தது. பந்துகள் மீன்களைப்போல் ஒன்றை ஒன்று தொட்டு விலகி, ஒவ்வொன்றாக ஆழத்துக்குள் போயின. அவன் மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வாக்கியம் கண்ணெதிரே கலைந்து, அர்த்தமில்லாமல் முழுகியது. கடைசியாக ஒன்றாம் பந்து விழுந்தது.

லுதி எழுந்து வந்து, "முடிஞ்சுதா, குயா?" என்றாள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் செய்வதுபோலக் குழிகளிலிருந்து பந்துகளை எடுத்துக்கொண்டு போய், கல்லாவின் மேலிருந்த பலகைத் தட்டில் அடுக்கினாள். எண் போட்ட தட்டு. ஒன்று. இரண்டு. மூன்று. பதினைந்துவரை.

அர்சிங் வாயைப் பிளந்தான். எப்படி விழுந்தால் என்ன? கடைசியில் அவை போய்ச் சேரும் இடம் அதுதானே. மூன்று வருடமாகத் தினமும் பார்த்த தட்டு. ஒரு பந்தைக்கூட அடிக்காமல், எழுத்தை ஒட்டி அவள் கையில் கொடுத்திருந்தாலே போதும்.

லுதி தட்டையே பார்த்தாள். பிறகு மாமாவின் பக்கம் குனிந்து, பத்திரிகைப் புதிரைப் படித்துக் காட்டும் குரலில் மெதுவாகப் படித்தாள்.

"ஐ... வி... எக்ஸ்... பி... ஹெச்..."

மாங் தீபோ கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவர் ஒருநாளும் தூங்கியதில்லை என்பது அர்சிங்குக்கு அப்போதுதான் உறைத்தது. எழுத்தைப் படித்துச் சொல்வதும் விடையை எழுதுவதும்தான் லுதி. புதிரை அவிழ்ப்பது அந்த மூடிய கண்.

பதினைந்தாவது எழுத்தும் முடிந்தது. லுதி செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். தாள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அர்சிங் கல்லாவை நோக்கி ஓர் அடி வைத்தான்.

மாங் தீபோ தட்டுத் தடவி எழுந்துவந்து அவன் தோளைப் பிடித்தார். புரை விழுந்த கண்கள் இரண்டும் நனைந்திருந்தன.

"காலோயை அனுப்பிடு, லுதி. என் பெட்டியை உள்ள எடுத்து வை," என்றார். "என்னைப் போகாதேன்னு சொல்லவும் இந்த ஊர்ல ஒருத்தன் இருக்கான்."