கொடியில் ஏறிய அருவி

எங்கள் சித்தேரிமேடு பேரூராட்சியில் எல்லாம் உண்டு. சின்னமும் கொடியும்தான் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் போன மாதம் கரும்புக் கொடி ஏற்றியதிலிருந்து தலைவர் ராஜாங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவசரக் கூட்டம் கூட்டினார்.

"கல்வராயன் மலையைப் போடுவோம்" என்றார்.

"மலை நம்ம எல்லையில இல்லீங்க. உள்ள இருக்கறததான் போடணும்னு விதி" என்றார் செயல் அலுவலர் சிவசங்கர்.

கோமுகி அணையும் வெளியே. கோபுரம் திருக்கோவிலூர்க்காரர்களுடையது. மன்றம் ஆழ்ந்த யோசனையில் இருந்தபோது, கூலி வேலைக்குப் போகும் காசியம்மாள் ஏழாவது மனுவோடு வந்து நின்றார்.

"எங்க வூட்டாண்ட பைப்பு ஒடஞ்சி மூணு மாசமா தண்ணி பீச்சிக்கினு இருக்குதுங்க. மண்ணு செவுரு ஊறிப்போச்சு."

"எவ்ளோ ஒசரம் பீச்சுது?" என்றார் தலைவர்.

"கூரைக்கு மேலங்க."

தலைவர் சிவசங்கரைப் பார்த்தார். "எல்லைக்குள்ளதான?"

"நாலாவது வார்டுங்க."

பச்சைத் துணியில் வெள்ளை அருவி. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கொடியேற்றத்தன்று ஊரே அந்தப் பைப்பின் முன் செல்ஃபி எடுத்தது. நானும் எடுத்தேன், நன்றாகவே வந்தது.

மறுவாரம் காசியம்மாள் எட்டாவது மனு கொடுத்தார்.

"பைப்ப அடைச்சா கொடி பொய்யாயிடும்மா" என்றார் சிவசங்கர்.

"அப்ப கொடிய மாத்துங்க."

"அருவி நின்னாதான் கொடிய மாத்த முடியும்."

"அருவிய நிறுத்துங்கன்னுதான சார் கேக்கறேன்?"

"கொடி இருக்கறப்ப எப்பிடிம்மா நிறுத்தறது?"

ஐப்பசி மழையில் காசியம்மாள் வீட்டு அடுப்படிச் சுவர் விழுந்தது. நல்லவேளை, அவர் வேலைக்குப் போயிருந்தார். அதிகாரிகள் உடனே நேரில் பார்வையிட்டார்கள். அந்த வேகத்தைக் குறை சொல்ல முடியாது. குவிந்து கிடந்த மண்ணைத் தலைவர் வெகுநேரம் பார்த்தார்.

"சிவசங்கர், இதுவும் எல்லைக்குள்ளதான?"

இப்போது எங்கள் கொடியில் அருவிக்குப் பின்னால் ஒரு மலையும் இருக்கிறது. பழைய கொடியைக் காசியம்மாளுக்கே நிவாரணமாகக் கொடுத்தார்கள். சுவர் இருந்த இடத்தில் அதைத்தான் மறைப்பாகக் கட்டியிருக்கிறார். கொடியாயிற்றே, அந்தப் பக்கம் போகிற நாங்கள் நின்று வணக்கம் வைத்துவிட்டுத்தான் போகிறோம்.

நேற்று துணியை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு வணக்கம் வெச்சிக்கினு? ஆளுக்கு ஒரு கூடை மண்ணு அள்ளிக் குடுத்தா செவுரு எழும்பிடும், வாங்க."

தலைவரும் இல்லை, சிவசங்கரும் இல்லை. நாங்கள்தான் சொன்னோம், மலையில் கை வைக்கக் கூடாதம்மா என்று.