சௌனாவில் வெந்த டிஸ்க்

அன்னிக்குக் காலைல ஒரு சபதம் எடுத்தேன். இந்த வீட்டுல ஒண்ணு இந்தக் கம்ப்யூட்டர் இருக்கணும், இல்ல பெண்ட்டிங்கற நான் இருக்கணும்.

கம்ப்யூட்டர் எங்க பையன் ஆர்த்துவோடது. போன மார்ச்சுல உறைஞ்ச ஏரி மேல பனி ஸ்கூட்டர் ஓட்டிட்டுப் போனான். பனி உடைஞ்சிருச்சு. அவன் சிரிச்சது, கிடார் அடிச்சது, என்னைய 'கிழவா'ன்னு கூப்பிட்டது, எல்லாம் அந்தப் பழைய டப்பாவோட ஹார்ட் டிஸ்க்குலதான் மிச்சம்.

டப்பா ஒரு நாள் கிளம்பும். ஒரு நாள் கிளம்பாது. கறுப்புத் திரைல ஒத்த வரி: டிஸ்க்கைக் காணோம். உள்ளாற இருந்துக்கிட்டே இல்லைங்கும், கடன்காரன் வந்தா என் மாமனார் செய்வாரே, அது மாதிரி.

தட்டினேன். ஊதினேன். கெட்ட வார்த்தை சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கம்பளி போர்த்திவிட்டேன்.

"கடைல குடுத்துப் பாருய்யா"ன்னா என் பொண்டாட்டி ஹில்க்கா.

"அடியே, உறையிற குளிர்ல மரம் ஏத்துற லாரி கிளப்புனவன் நான். இந்தச் சோப்பு டப்பா எனக்கு எம்மாத்திரம்?"

"லாரி கிளம்பும். நீ எப்ப அந்த நாற்காலிய விட்டுக் கிளம்புவே?"

பக்கத்து வீட்டு ரெய்னோவக் கூப்பிட்டேன். அவன் டப்பா மேல காத வச்சான், டாக்டர் கணக்கா.

"குளிர்ல உள்ள எண்ணெய் இறுகிருச்சு. நல்லா சூடு காட்டு."

"எங்கடா காட்டறது?"

லூசைப் பாக்குற மாதிரி பாத்தான். ரெண்டு பேரும் ஜன்னல் வழியா ஏரிக்கரைல இருந்த சௌனாவ, காஞ்ச கல்லுல தண்ணி ஊத்தி ஆவில குளிக்கிற எங்க மர அறையத் திரும்பிப் பாத்தோம். வேற எங்க? என் தாத்தா பொறந்ததே அந்தச் சூட்டுலதான்.

டிஸ்க்கைக் கழட்டறப்போ ஒரு வயர் தானா தொங்கிட்டு இருந்துச்சு. குளிர்ல சுருங்கியிருக்கும்னு விட்டுட்டேன்.

அடுப்புல கொஞ்சமா விறகு. மேல் பலகைல நான், துணியில்லாம. பக்கத்துல டிஸ்க், துண்டு கட்டிக்கிட்டு. மரியாதையா இருந்துச்சு. ஒரு வருஷத்துக்கப்புறம் என் பையனோட சௌனாவுல உக்காந்திருக்கேன். வாய் தானா கேட்டுச்சு:

"ஆர்த்து, இன்னும் ஊத்தவாடா?"

அவன் எப்பவும் 'ஊத்து கிழவா'ம்பான். கையும் தானா போச்சு. வாளில அகப்பைய விட்டு, கல்லு மேல ஒரே வீச்சு.

ஸ்ஸ்ஸ்ஸ்!

ஆவி அடங்கினப்போ துண்டு சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. வீட்டுக்கு ஓடினேன். மாட்டினேன். டக். டக். அப்புறம் அதுவும் இல்ல.

ஹில்க்கா வாசப்படில நின்னா.

"என்னய்யா பண்ணினே?"

"சூடு காட்டினேன். பழக்கத்துல தண்ணிய ஊத்திட்டேன். செத்துப்போச்சு ஹில்க்கா. அவன் குரலும் போச்சு."

அவ அப்படியே கட்டில்ல உக்காந்தா.

"அட மடையா! அதுக்கு ஒரு நோவும் இல்லையே. அப்பப்ப வயரப் பிடுங்கி விட்டது நான்தான்!"

"நீயா?"

"நீ முன்பக்கத்தையே தட்டிட்டுக் கிடந்தே. இன்னிக்கு வரைக்கும் ஒரு நாளாச்சும் பக்கத்து மூடியக் கழட்டிப் பாத்தியா? அது ஓடுற நாள்ல நீ திங்கறதில்ல. குளிக்கறதில்ல. அவன் பேச்சக் கேட்டுக்கிட்டே நீயும் போயிட்டு இருந்தே. ஓடாத நாள்ல கோவத்துலயாச்சும் பனிய வழிச்சுக் கொட்டினே. ஒருத்தனை ஏரிக்குக் குடுத்தாச்சு. உன்னைய அந்த நாற்காலிக்குக் குடுக்கணுமா நான்?"

சுருண்டு உக்காந்து அழுதேன். அவ கொஞ்ச நேரம் அழ விட்டா.

"சரி, மூக்கைத் துடை. நூலகத்துப் பொண்ணு கோடைலயே எல்லாத்தையும் காப்பி எடுத்துக் குடுத்துட்டா."

துள்ளி எழுந்தேன். "எங்கடி வச்சிருக்கே?"

"அதச் சொல்வேனா? சனிக்கிழமை சாயங்காலம் சவரம் பண்ணிட்டு, ஒரு கிண்ணம் மீன் சூப்பக் குடிச்சிட்டு வா. என் கையால போட்டுக் காட்டறேன். சேந்து பாப்போம்."

இந்தச் சனிக்கிழமை சவரம் பண்ணினேன். கிண்ணத்த வழிச்சு நக்கினேன். திரைல ஆர்த்து சிரிச்சான். ஹில்க்கா என் தோள்ல சாஞ்சா. நல்ல நேரம்னு நெனச்சு மெதுவாக் கேட்டேன்.

"இன்னொரு தடவை போடேன்."

"அதுக்கு விறகு பிளக்கணும்."

கோடாலிய அவ ஏற்கெனவே கதவோரம் எடுத்து வச்சிருந்தா.